எழுத்தறிவில் ஆண் – பெண் இடைவெளி: உலகமும் காஞ்சியும்

முன்னுரை

கல்வி வேட்கை கொண்ட பெண்ணொருத்தியைத் தலைவியாகக் கொண்டு எழுந்த தமிழ்க் காப்பியம் மணிமேகலை. அக்காப்பியத் தலைவி வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளைக் கண்டு அவர்தம் கொள்கைகளைக் கேட்டறிய விழைகின்றாள். ஆயின் அவள் வயதில் சிறியவள், அதிலும் பெண். இந்நிலையில் தம் நூற்பொருளை அவளுக்கு எவரும் எடுத்துரைக்க மாட்டார் என்பதைத் தெய்வம் முன்னரே உணர்த்தி, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் அவளுக்கு அளித்திருந்தது. அதன்படி ஆண் துறவியின் கோலம் பூண்டே அவள் வஞ்சியில் பாடம் கேட்கின்றாள். பின்னர்க் காஞ்சி மாநகர் வந்து, அறவண அடிகளின் முன் பெண்ணாகவே அமர்ந்து அளவை நூலும் அறமும் கற்கின்றாள்.

பெண் கற்பதற்கு ஆண் வேடம் வேண்டியிருந்தது என்று சாத்தனார் பாடியது கற்பனையே ஆகலாம். ஆயினும் அக்கற்பனையின் பின்னே அக்காலச் சமுதாயத்தின் உண்மை நிலை ஒன்று மறைந்து நிற்கின்றது. அவ்வேடம் இன்று முற்றிலும் தேவையற்றதாகி விட்டதா? உலகின் பல பகுதிகளில் ஆண் பெண் எழுத்தறிவு எவ்வாறு வேறுபடுகின்றது? அவ்வேறுபாடு எதனால் தோன்றுகின்றது? மணிமேகலை வேடம் களைந்து கற்ற இதே காஞ்சியில், அதிலும் தறியொலி ஓயாத பெரிய காஞ்சிபுரத்தில், நிலைமை யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தறிவு என்பது யாது?

இந்தியக் குடிக்கணக்கின் வரையறைப்படி, ஏழு வயது நிறைந்த ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவர் எழுத்தறிவு பெற்றவர். பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பதோ, தேர்வில் வென்றிருக்க வேண்டும் என்பதோ இல்லை. ஆனால் படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவு பெற்றவராகக் கருதப்படுவதில்லை.

இவ்வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன. அவை படித்தல், எழுதுதல், பொருள் உணர்தல் என்பன. இம்மூன்றனுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பெண்ணுக்கு அளித்து, எஞ்சியதை அளிக்காது நிறுத்தி வைத்த வரலாறு நம்மிடையே உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

உலக நிலை

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெசுகோ 1966 ஆம் ஆண்டில் செப்டம்பர் 8 ஆம் நாளை உலக எழுத்தறிவு நாளாக அறிவித்தது. மறு ஆண்டு முதல் அந்நாள் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகின்றது. அந்நிறுவனத்தின் அண்மைக் கணிப்புகளின்படி எழுதப் படிக்கத் தெரியாத வயது வந்தோர் உலகில் ஏறத்தாழ 75 கோடிப் பேர். இவர்களுள் மூவரில் இருவர் பெண்கள். எழுத்தறியாதோர் தொகை குறைந்து வந்தபோதிலும், அத்தொகையில் பெண்களின் பங்கு பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒத்த நிலையில் உள்ளனர். கிழக்காசியாவில் சிறு வேறுபாடே எஞ்சியுள்ளது. அதுவும் முதியோரிடையேதான் மிகுதி. தெற்காசியாவிலோ ஆண்களில் ஐவரில் நால்வர் எழுத்தறிந்திருக்க, பெண்களில் மூவரில் இருவரே அந்நிலையை எய்தியுள்ளனர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இரு பாலாரின் எழுத்தறிவும் குறைவு. அங்கும் பெண்களே பின்தங்கியுள்ளனர். ஆப்கானித்தானத்தில் 2021 ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பயிலத் தடை விதிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது.

இப்பொது நிலைக்கு மாறான நாடு ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட இலெசோத்தோ என்னும் சிறு மலைநாட்டில் ஆண்களைவிடப் பெண்களே எழுத்தறிவில் மேம்பட்டுள்ளனர். அந்நாட்டுச் சிற்றூர்களில் ஆடு மாடுகளை மேய்க்கும் பொறுப்பு சிறுவர்களுடையது. பள்ளி செல்லும் வயதில் அவர்கள் மந்தையுடன் மலையேறி விடுவர். அவர்தம் உடன்பிறந்த சிறுமியர் பள்ளிக்குச் செல்வர்.

இலெசோத்தோ நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. எழுத்தறிவில் காணும் வேறுபாடு ஆணின் அறிவுக்கும் பெண்ணின் அறிவுக்கும் உள்ள வேறுபாடன்று. எந்தப் பிள்ளையின் உழைப்பு வீட்டுக்கு வேண்டியிருக்கின்றதோ, அந்தப் பிள்ளையே பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகின்றது. இவ்வுண்மையை உள்ளத்திற்கொண்டு நம் நாட்டை நோக்குவோம்.

இந்தியாவும் தமிழகமும்

விடுதலைக்குப் பின் எடுக்கப்பெற்ற குடிக்கணக்குகளின்படி இந்தியாவில் நூற்றுக்கு எத்தனை பேர் எழுத்தறிந்திருந்தனர் என்பதைக் கீழ்வரும் எண்கள் காட்டும்.

1951 – ஆண் 27.16, பெண் 8.86; இடைவெளி 18.30
1981 – ஆண் 56.38, பெண் 29.76; இடைவெளி 26.62
1991 – ஆண் 64.13, பெண் 39.29, இடைவெளி 24.84
2001 – ஆண் 75.26, பெண் 53.67, இடைவெளி 21.59
2011 – ஆண் 80.89, பெண் 64.64, இடைவெளி 16.25

(1951 ஆம் ஆண்டுக் கணக்கு ஐந்து வயதுக்கு மேற்பட்டோரையும், 1981 முதல் உள்ளவை ஏழு வயதுக்கு மேற்பட்டோரையும் குறிப்பன.)

மாணவர்கள் இவ்வெண்களில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1951 முதல் 1981 வரையிலான முப்பது ஆண்டுகளில் பெண்களின் எழுத்தறிவு மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் இடைவெளி குறையவில்லை, மாறாக விரிந்தது. ஊரில் புதிதாகப் பள்ளி திறந்தபோது முதலில் அனுப்பப்பட்டவன் மகன். மகள் பின்னர் அனுப்பப்பட்டாள், அல்லது அனுப்பப்படவே இல்லை. பள்ளிகள் பெருகினால் மட்டும் பெண்களின் பின்னடைவு தானே நீங்கிவிடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்தில் 1991 இல் ஆண்கள் 73.75, பெண்கள் 51.33 என்றிருந்த நிலை, 2011 இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44 என்றாயிற்று. இருபத்திரண்டு விழுக்காட்டுக்கு மேலிருந்த இடைவெளி இருபது ஆண்டுகளில் பதின்மூன்றாகச் சுருங்கியுள்ளது. அன்றைய ஒருங்கிணைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2011 இல் ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரும், பெண்களில் 79 பேரும் எழுத்தறிந்திருந்தனர். மாநில நிலையினும் இது மேம்பட்டதே. ஆயினும் ஐந்து பெண்களில் ஒருவர் எழுத்துக்கு வெளியே நின்றார் என்பதும் இவ்வெண்ணுக்குள் அடங்கியுள்ள செய்தியாகும்.

தறியும் எழுத்தும்

பெரிய காஞ்சிபுரத்தை அடுத்துள்ள பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலையில் நடப்பவர் செவியில் முதலில் விழுவது தறியின் ஒலி. காஞ்சிப் பட்டின் தனிச் சிறப்பு கோர்வை என்பர். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி வண்ணத்தில் நெய்து, இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கச் செய்யும் முறை அது. இதற்கு ஒருவர் கை போதாது. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். அவர் அருகிருந்து கரைக்கு நாடா தள்ளுபவர் மற்றொருவர். அந்த இரண்டாவது ஆளாக நெடுங்காலம் அமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே. கடன் முன்பணம் பெற்ற வீடுகளில் அக்குழந்தை பள்ளியை மறப்பது இயல்பாகவே நிகழ்ந்தது. 1990களில் காஞ்சியின் பட்டுத் தொழிலில் குழந்தை உழைப்பு நாடறிந்த சிக்கலாயிற்று. அதன் பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் சிறப்புப் பள்ளிகள் வாயிலாக அக்குழந்தைகளை மீட்க முயன்றன. நிலைமையும் பெரிதும் மாறியது.

தறியடிக்குச் சென்ற சிறுவனுக்கு ஒரு வழி இருந்தது. அவன் வளர்ந்து நெசவாளியாவான், சங்கத்தில் உறுப்பினனாவான், கணக்குப் புத்தகம் அவன் பெயரில் எழுதப்படும், காலப்போக்கில் அவன் எழுத்தும் எண்ணும் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. சிறுமிக்கோ அவ்வழியும் இல்லை. நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவு நீட்டுகையில் உதவுதல் ஆகிய பணிகள் அவளுடையன. இவற்றோடு சமையலும் தம்பி தங்கையரைப் பேணுதலும் சேரும். இவற்றுள் பெரும்பகுதி கூலியாக எண்ணப்படாமல் வீட்டு வேலையாகவே கழிந்தது. 2019–20 ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சம் பேருள் ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்கின்றது. தொழில் பெண்களின் கையில் உள்ளது. ஏடு அவர்கள் கையில் இல்லை.

மாணவர்களுடன் அத்தெருக்களுக்குச் சென்றிருந்த ஒரு நாளில் நாம் கண்ட மூதாட்டி ஒருவரை இங்கே நினைவுகூர்கின்றோம். எந்தக் கரைக்கு எத்தனை இழை, எந்த வண்ணத்துக்கு எந்த வண்ணம் எடுப்பாயிருக்கும் என்பதையெல்லாம் ஏடு பார்க்காமலே அவர் எடுத்துரைத்தார். நம் மாணவர்கள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த கணக்கைச் சொல்லிவிடுவார். விடைபெறும்போது அவர் ஒரு மருந்துச் சீட்டைக் கொணர்ந்து, “காலையில் போடுவது எது, இரவில் போடுவது எது என்று ஓர் அடையாளம் போட்டுத் தாருங்கள்” என்று வேண்டினார். கணக்கறிவும் நினைவாற்றலும் மிக்க ஒருவர் ஒரு மாத்திரை உறைக்காகப் பிறரை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. அவரிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. எழுத்துக் கற்கும் வயதில் அவர் கை ராட்டினத்துக்கு வேண்டியிருந்தது.

இசுலாமியத் தமிழ்ப் பெண்டிரும் எழுத்தும்

வேலை என்பது ஒரு தடை. அச்சம் என்பது மற்றொரு தடை. இதனை நம் சமுதாயத்தின் வரலாற்றிலிருந்தே காட்டுவது நேர்மையாகும்.

இறைமறையின் முதல் வெளிப்பாடு ஓதுக என்னும் கட்டளையுடன் தொடங்கிற்று. அதனையடுத்து எழுதுகோலையும் அது குறிப்பிடுகின்றது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணியாவார். ஆகவே பெண் எழுதுவது மார்க்கத்துக்கு முரணானது என்று கூற இடமில்லை.

தமிழகத்து முசுலிம் பெண்கள் எழுத்தே அறியாதவர்களாக இருந்தனர் என்பதும் பிழை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் என்னும் முறை பல நூற்றாண்டுகள் வழங்கிற்று. மார்க்கச் சட்டங்களும் மாலைகளும் பிறவும் அதில் எழுதப்பெற்றன. வீடுகளில் ஓதிக்கொடுக்கும் மூதாட்டியரிடம் சிறுமியர் அதனைக் கற்றனர். கச்சிப்பிள்ளை அம்மாள், ஆசியா உம்மா, தென்காசி இறசூல் பீவி போன்ற ஞானப் பெண்பாற் புலவர்களும் நம்மிடையே தோன்றினர். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் பெண்ணுக்கு ஓதக் கற்பித்தார்களே அன்றி எழுதக் கற்பிக்கவில்லை. எழுதக் கற்றவள் எவருக்கேனும் கடிதம் எழுதிவிடுவாளோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். இவ்வச்சம் நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் பழமொழி தமிழர் அனைவர்க்கும் பொதுவாகவே வழங்கிற்று.

எம் பாட்டியார் அத்தகையோருள் ஒருவர். இறைமறையும் அரபுத் தமிழ் ஏடுகளும் தடையின்றி ஓதுவார். வளைகுடா நாட்டிலிருந்து தம் மகன் எழுதும் தமிழ்க் கடிதத்தை மட்டும் அவரால் படிக்க இயலாது. சிறுவயதில் நாமே அதனைப் படித்துக் காட்டுவோம். அவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவோம். எழுதி முடித்தபின் அத்தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் சொல்லாமலே மடித்துக் கொடுப்பார். ஒரு பிள்ளையின் வாயிலாகச் சொல்ல இயலாத செய்திகள் ஒரு தாய்க்கு இருந்திருக்கக்கூடும் என்பது அன்று நமக்கு விளங்கவில்லை. குடிக்கணக்கு எடுக்க வந்தவர் வரையறைப்படி அவரை எழுத்தறியாதவர் என்றே குறித்திருப்பார். பெண்ணுக்கு நாம் அளித்த கல்வி பாதியளவே என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அப்பாதிக் கல்வியையும் கடந்து எழுந்தவர்கள் உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ என்னும் புதினம் 1938 இல் வெளிவந்தது, உ.வே. சாமிநாதையரே அதற்கு மதிப்புரை வழங்கினார். மூன்று வகுப்புக்கே இவ்வளவு எனின், முழுமையாகப் பயின்றிருந்தால் எத்துணை ஜுனைதாக்கள் நமக்குக் கிடைத்திருப்பர்! துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, பருவமெய்திய வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவர்தம் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004 இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் பள்ளிக் கதவு இடையிலேயே அடைபட்டது என்பது நாம் வருந்த வேண்டிய செய்தி.

சமயவாரியான 2001 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய முசுலிம்களில் ஆண்கள் 67.6, பெண்கள் 50.1 விழுக்காட்டினர் எழுத்தறிந்திருந்தனர். தமிழக முசுலிம்களின் எழுத்தறிவோ 82.9, இது அன்றைய மாநிலப் பொது நிலையாகிய 73.45 ஐ விட மிகுதி. நீதியரசர் பஷீர் அகமது சையீது 1955 இல் சென்னையில் தோற்றுவித்த மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களும், மகளைப் படிக்க வைக்கத் துணிந்த பெற்றோரும் இவ்வளர்ச்சிக்கு வித்திட்டவர்கள்.

இடைவெளி சுருங்கிய வகை

இடைவெளி தானே சுருங்குவதில்லை, சுருக்கப்பட வேண்டும். வேலை என்னும் தடையையும் அச்சம் என்னும் தடையையும் நீக்கிய முயற்சிகளே வென்றுள்ளன.

முதலாவது, பிள்ளையின் வயிற்றையும் வீட்டின் வறுமையையும் கருதிய திட்டங்கள். 1956 இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஒருவேளை உணவை உறுதி செய்தன. 1989 இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், தொடக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை பயின்றிருத்தலைத் தகுதியாக்கியது. மகளின் மணத்துக்காகப் படிப்பை நிறுத்தும் பெற்றோரிடம், அதே மணத்துக்காகப் படிக்க வைக்குமாறு சொன்ன திட்டம் அது. 2022 இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்குகின்றது. நம் அண்டை நாடாகிய வங்காளதேசமும் 1994 இல் சிற்றூர்ப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடு முழுவதும் விரிவாக்கியது. 2022 ஆம் ஆண்டு அந்நாட்டுக் கணக்கெடுப்பில் ஆண்கள் 76.56, பெண்கள் 72.82 என இடைவெளி நான்கு விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டாவது, மக்கள் இயக்கங்கள். 1991 இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்துடன் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தாமே எழுதவும் தாமே செல்லவும் முடியும் என்றபோது அவர்தம் அச்சம் அகன்றது. அதே ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைப் படித்தவர் அமைச்சரோ ஆளுநரோ அல்லர். மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, முதிய வயதில் எழுத்துக் கற்ற செலக்கோடன் ஆயிஷா என்னும் முசுலிம் பெண்மணியே அவர். கற்பதற்கு வயது கடந்துவிட்டது என்பார்க்கு அவரே விடை.

எஞ்சி நிற்பது

இன்று தமிழகத்தில் உயர்கல்விக்குச் செல்லும் இளைஞர் விகிதத்தில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக, ஏன், சிறிது முந்தியும் நிற்கின்றனர் என 2021–22 ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வு காட்டுகின்றது. மகிழ வேண்டிய செய்தியே இது. ஆனால் இம்மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடலாகாது. இன்று எஞ்சியுள்ள இடைவெளியின் பெரும்பகுதி நம் வகுப்பறைகளில் இல்லை. அது நம் வீடுகளின் கூடத்திலும் சமையலறையிலும் உள்ளது. கல்லூரி மாணவியின் தாயும் பாட்டியுமே அந்த இடைவெளி. காலம் செல்லச் செல்ல விழுக்காடு உயரத்தான் செய்யும். எழுத்தறியாத முதியவர் ஒருவர் மறையும்போதும் அவ்விழுக்காடு உயரும். அவ்வாறு உயர்வதை வெற்றி என்று கொள்ளுதல் தகுமா?

மேலும், கையொப்பம் இடுதல் மட்டும் எழுத்தறிவாகாது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாயிலாகக் கைந்நாட்டு ஒழிந்து கையொப்பம் வந்தது நல்ல மாற்றமே. ஆயினும் தாம் ஒப்பமிடும் தாளில் எழுதியிருப்பது யாது என அறிந்து ஒப்பமிடுவதே எழுத்தறிவு. இல்லையெனில் பெருவிரலுக்கு மாற்றாக எழுதுகோல் வந்தது என்பதற்கு மேல் வேறு பயன் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், எழுத்தறிவில் ஆண் பெண் வேறுபாடு இயற்கையில் அமைந்ததன்று என்பதும், வீட்டு வேலையும் வீணான அச்சமுமே அதனை விளைவித்தன என்பதும், அவற்றை நீக்கியவிடத்து ஒரு தலைமுறைக்குள் அது சுருங்கியது என்பதும் பெறப்பட்டன.

சமுதாயப் பெரியோர்களை நாம் வேண்டுவது, நன்றாகப் பயிலும் மகளின் படிப்பை மணத்தின் பொருட்டு இடையில் நிறுத்தாதிருங்கள் என்பதே. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரிடம் வீட்டில் எழுத்தறியாதோர் உளரா என ஒருமுறை வினவுதல் நலம். மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். தேர்வு முடிந்த விடுமுறையில் நாள்தோறும் அரைமணி நேரம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு தாயின் அருகே அமருங்கள். முதலில் அவர் பெயரை எழுதக் கற்பியுங்கள். அடுத்து அவர் பிள்ளைகளின் பெயரை. அதன்பின் பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம் என்று முறையே செல்லுங்கள். இறுதியாக, தொலைவில் உள்ள தம் மகனுக்கோ மகளுக்கோ ஒரு கடிதத்தை அவர் தாமே எழுதட்டும். அவர் எழுதும்போது அதனை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டா.